"போனிலேயே இருக்கிறதே!" — யாருக்கு இருக்கிறது?

"எல்லாம் போனிலேயே இருக்கிறதே! காசில்லாமல் கொட்டிக் கிடக்கிறதே! கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள மனம்தான் வேண்டும். தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த மனம் இல்லை. அதனால்தான் முன்னுக்கு வரவில்லை."

இப்படி ஒரு புதிய உபதேசம் கிளம்பியிருக்கிறது. கம்பெனி முதலாளிகள் மேடையில் இதைச் சொல்லுகிறார்கள். கோச்சிங் கடைக்காரர்கள் நோட்டீஸில் அச்சடிக்கிறார்கள். நம்மவர்களில் சிலரும் இதை நம்பி, வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் பெற்ற பிள்ளையைப் பார்த்து, "ஊரே படிக்கிறது, உனக்கு என்ன குறை?" என்று திட்டுகிறார்கள்.

என்ன குறை என்பதைத்தான் நாம் இங்கே பேசப் போகிறோம். குறை பிள்ளையிடம் இல்லை என்பதையும், அது எங்கே இருக்கிறது என்பதையும் ஆதாரத்தோடு காட்டப் போகிறோம்.

ஆவடிக்கு அடுத்த பட்டாபிராமில் 2024 நவம்பர் 22 அன்று டைடல் பார்க் திறக்கப்பட்டது. 21 மாடி. செலவு 330 கோடி ரூபாய். ரயிலில் போகிறவர்கள் எல்லோரும் அதை அண்ணாந்து பார்க்கிறார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ, லேத்தும் பிரஸ்ஸும் ஓடிய பட்டறைகளின் இடத்தில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பி நிற்கின்றன. நாம் கேட்கிறோம்: இந்தக் கட்டடங்களுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் பட்டறைத் தொழிலாளியின் மகன் அவற்றுக்குள் எந்த வாசல் வழியாகப் போகிறான்? காவல் வேலை, கூட்டிப் பெருக்கும் வேலை, சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. அதுவும் காண்டிராக்டில்! பூந்தமல்லிக்கு மேற்கே வயலிலும் பூந்தோட்டத்திலும் கூலி வேலை செய்கிறவர்களின் மகளுக்கு அந்த வாசலும் கிடையாது.

முதல் தப்பில் நிற்கும் பிள்ளை

கம்ப்யூட்டர் படிப்பு எப்படி ஆரம்பமாகிறது என்று பார்ப்போம். பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி பைதான் என்ற மொழியில் நாலு வரி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன். அதுவும் அப்பா ஷிப்டுக்குப் போகும்போது அவரோடு போய்விடும். அவர் திரும்பி வந்து தூங்கிய பிறகுதான் அவள் கைக்கு வரும். உள்ளங்கையளவு கண்ணாடியில், கட்டைவிரலால் தட்டித் தட்டி எழுதி ஓடவிடுகிறாள். யந்திரம் "சின்டாக்ஸ் எர்ரர்" என்று இங்கிலீஷில் சிவப்பாக ஒரு வரி போட்டுவிட்டு நின்றுவிடுகிறது. மறுபடி எழுதுகிறாள். மறுபடியும் அதே சிவப்பு. மூன்று நாள் போராடிவிட்டு, "நமக்கு மூளை இல்லை போலிருக்கிறது" என்று முடிவு கட்டுகிறாள்.

வாஸ்தவத்தில் நடந்தது என்ன? வரியின் கடைசியில் ஒரு முக்காற்புள்ளி விட்டுப்போயிருக்கிறது. இரண்டு புள்ளிகள், அவ்வளவுதான்.

அண்ணா நகரில் இஞ்சினியர் வீட்டுப் பையனும் இதே தப்பைத்தான் செய்கிறான். ஆனால் அவனுடைய அப்பா, அல்லது சித்தப்பா, அல்லது மாடிவீட்டு அண்ணன் தோள்மேல் எட்டிப் பார்த்து, "டேய், முக்காற்புள்ளி போடலை பார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். இரண்டு நிமிஷ வேலை! பையன் அடுத்த பாடத்துக்குப் போகிறான். நம் பெண் நின்ற இடத்திலேயே நிற்கிறாள்.

தோழர்களே, அந்த இரண்டு நிமிஷத்தில்தான் வர்க்கம் இருக்கிறது. புத்தகம் போனில் இருக்கலாம். வீடியோ போனில் இருக்கலாம். தப்பு செய்தவுடன் எட்டிப் பார்த்துச் சொல்லும் மனிதர் போனில் இல்லை. தொழில் கற்ற எவருக்கும் இது தெரியும். லேத் ஓட்டுவது எப்படி என்று புத்தகத்தைப் படித்துவிட்டு எவராவது டர்னர் ஆனதுண்டா? பக்கத்து மிஷினில் நின்ற மூத்த தொழிலாளி கையைப் பிடித்து டூலை வைத்துக் காட்டியதால்தானே ஆனோம்? நாற்று நட எந்த வீடியோவைப் பார்த்துப் பழகினோம்? தாயும் அத்தையும் வரிசையில் நம்மைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டதால் பழகினோம். நமது வேலைகளுக்கு உள்ள இந்த நியாயம் கம்ப்யூட்டருக்கு மட்டும் இல்லாமல் போகுமா?

உதவியை விற்கும் கடைகள்

இந்த இரண்டு நிமிஷ உதவி பாட்டாளி வீட்டில் கிடைக்காது என்பதை முதலில் கண்டுபிடித்தவன் வியாபாரி. கண்டுபிடித்ததும் கடை விரித்துவிட்டான். "மூன்று மாதத்தில் டெவலப்பர்! வேலைக்கு நூறு சதவிகித உத்தரவாதம்!" என்று மின்கம்பத்துக்கு மின்கம்பம் நோட்டீஸ் ஒட்டுகிறான். பல்லாயிரம் ரூபாய் கட்டணம். கையில் இல்லையென்றால் பரவாயில்லை. பக்கத்து மேஜையிலேயே பைனான்ஸ் கம்பெனி ஆள் உட்கார்ந்திருக்கிறான், பிள்ளையின் பேரில் கடன் எழுதிக்கொள்ள. படிப்பு பாதியில் நின்றாலும் தவணை நிற்காது.

இந்த வியாபாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நாடறிந்த உதாரணம் ஒன்று உண்டு. "ஒயிட்ஹாட் ஜூனியர்" என்று ஒரு கம்பெனி, ஆறு வயசுக் குழந்தைக்கும் கோடிங் என்று முழங்கியது. 2020-இல் பைஜூஸ் நிறுவனம் இதை 30 கோடி டாலருக்கு வாங்கியது. சின்னப் பையன் ஒருவன் கோடிங் கற்றுக் கோடிக்கணக்கில் சம்பளத்துக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று விளம்பரம் வந்தது. விளம்பரத்துக்கு விளம்பரம் பையனின் வயசும் மாறிற்று, சம்பளமும் மாறிற்று. கடைசியில் பார்த்தால் அப்படி ஒரு பையனே இல்லை, கற்பனைப் பாத்திரம்! விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் தலையிட்டு விளம்பரங்களை வாபஸ் வாங்கச் செய்தது. இதையெல்லாம் வெளியே சொன்ன ஓர் இளைஞர் மீது 20 கோடி ரூபாய் கேட்டு மானநஷ்ட வழக்குப் போட்டார்கள். பிறகு வாபஸ் வாங்கினார்கள். தாய்க் கம்பெனியான பைஜூஸ் 2024-இல் திவால் நடவடிக்கைக்கு வந்து சேர்ந்தது. பணம் கட்டிய பெற்றோர்களின் கதி என்ன, வேலை பார்த்த ஆசிரியர்களின் கதி என்ன என்று உபதேசக் கனவான்கள் யாராவது வாய் திறந்தார்களா?

கடையைத் தாண்டி வேலைக்கே போய்விட்டவர்களின் கதை என்ன? 2024-இல் காக்னிசன்ட் கம்பெனி மூன்று வருடப் பட்டதாரிகளுக்கு வருஷத்துக்கு 2 லட்சத்து 52 ஆயிரம் தருவதாக அறிவித்தது. மாதம் 21 ஆயிரம். 2025 பிப்ரவரியில் இன்போசிஸ் தனது மைசூர்ப் பயிற்சி மையத்திலிருந்து 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை, உள்பரீட்சையில் தேறவில்லை என்று சொல்லி வெளியே அனுப்பியது. அவர்கள் யார்? கற்றுக்கொள்ள வந்த ஆரம்பக்காரர்கள்! அதே வருஷம் ஜூலையில் டி.சி.எஸ். 12 ஆயிரத்துக்கும் அதிகமான பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது.

"அப்படியானால் இந்தப் படிப்பே வேண்டாம் என்கிறீர்களா?" என்று ஒரு தோழர் கேட்கலாம். இல்லை. மில்லில் ஆட்குறைப்பு நடந்தபோது நெசவுத் தொழிலே வேண்டாம் என்று நாம் சொன்னோமா? தொழில் நம்முடையது, ஆட்குறைப்பு முதலாளியுடையது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கம்ப்யூட்டர் வேலை சொர்க்கத்தின் வாசல் என்று நாம் சொல்லவில்லை. அது ஒரு தொழில். சங்கம் தேவைப்படும் தொழில்.

சர்க்கார் கொடுத்ததும் கொடுக்காததும்

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். 2011 செப்டம்பரில் நமது திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. அடுத்த வருஷங்களில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் கைக்கு யந்திரம் போய்ச் சேர்ந்தது. குடிசைக்குள் கம்ப்யூட்டர் நுழைந்தது. அது சாதாரண விஷயமல்ல. 2019-இல் பிளஸ் டூ கம்ப்யூட்டர் பாடப் புத்தகத்தில் பைதான் வந்தது. தமிழிலேயே அந்தப் புத்தகம் இருக்கிறது. இதுவும் நல்லதே.

ஆனால் யந்திரம் கொடுத்தவர்கள் மனிதரைக் கொடுத்தார்களா? கணக்குப் பாருங்கள். 2012-இல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஓவியம், உடற்பயிற்சி, தையல் முதலியவற்றோடு கம்ப்யூட்டரும் இவர்கள் தலையில்தான். தொடக்கச் சம்பளம் எவ்வளவு தெரியுமா? மாதம் 5,000 ரூபாய்! வாரத்தில் மூன்று அரைநாள் வேலை என்று பெயர். நிரந்தரம் செய்யுங்கள் என்று பத்து வருஷங்களுக்கு மேலாக நடுத்தெருவில் உட்கார்ந்து அவர்கள் போராடினார்கள், கைதானார்கள்.

சித்தாளுக்குக் கிடைக்கும் கூலிகூட இல்லாத ஆசிரியர், நம் பிள்ளையின் தோள்மேல் எட்டிப் பார்த்து முக்காற்புள்ளியைக் காட்ட வேண்டும் என்று சர்க்கார் எதிர்பார்த்தது! கம்ப்யூட்டர் அறைகள் பூட்டியே கிடந்தால் அதில் என்ன ஆச்சரியம்? பம்ப்செட் கொடுத்துவிட்டுக் கரண்ட் கொடுக்காத கதைதான் இது.

தொழிற்பயிற்சி நிலையங்களின் கதையும் இதற்கு ஒப்பானதே. பத்தாவது தேறிய பிள்ளைகளுக்கு "கம்ப்யூட்டர் ஆபரேட்டர் அண்டு புரோகிராமிங் அசிஸ்டென்ட்" என்று ஒரு வருடப் பிரிவு உண்டு. அரசு நிலையத்தில் சேர்ந்தால் சொற்பச் செலவில் படிக்கலாம். நம் ஆட்களில் பலருக்கு இது இருப்பதே தெரியாது; தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு சொல்ல வேண்டும். 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் டாட்டா டெக்னாலஜிஸ் கம்பெனியோடு சேர்ந்து புதிய யந்திரங்களும் நிறுவப்பட்டிருக்கின்றன. நல்லது. ஆனால் பகல் ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளி, அம்பத்தூர் ஐ.டி.ஐ. வாசலில் நின்று, "மாலை இரண்டு மணி நேரம் நானும் உட்கார்ந்து பழகலாமா?" என்று கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? ஜனங்களின் பணத்தில் வாங்கிய யந்திரம் மாலையில் ஜனங்களுக்குப் பூட்டியிருப்பது என்ன நியாயம்?

இது யாருடைய வித்தை?

"கூலிக்காரன் மகனுக்கு இதெல்லாம் வருமா?" என்று கேட்கும் கனவான்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சரித்திரம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரான்சில் லியோன் நகரத்துப் பட்டுத் தறியில்தான் புரோகிராம் பிறந்தது. 1804-இல் ஜக்கார்டு என்பவர் உருவாக்கிய தறியில், ஓட்டை போட்ட அட்டைகளைக் கோத்துவிட்டால், எந்த இழை மேலே போக வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்று அட்டையே தறிக்குச் சொல்லும். காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் ஜக்கார்டு பெட்டியையும் அட்டையையும் அறியாத நெசவாளி உண்டா? அந்த ஓட்டை அட்டையைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் பாபேஜ் தமது கணக்கு யந்திரத்துக்கு யோசனை எடுத்தார். 1843-இல் அடா லவ்லேஸ் அந்த யந்திரத்துக்காக எழுதிய குறிப்புகளில் முதல் புரோகிராம் இருக்கிறது என்பார்கள். அதே லியோன் நகரத்து நெசவாளிகள் 1831-இல் கூலி கேட்டுக் கிளர்ந்தெழுந்து ஊரையே கைப்பற்றினார்கள் என்பதையும் கூடவே நினைவில் வையுங்கள். தறியும் போராட்டமும் சேர்ந்தே வந்திருக்கின்றன.

தூரத்துக் கதை வேண்டாமா? அம்பத்தூருக்கே வாருங்கள். சி.என்.சி. மிஷின் ஓட்டும் தோழர் தினமும் என்ன செய்கிறார்? "ஜி 00" என்றால் டூல் வேகமாக இடத்துக்குப் போக வேண்டும். "ஜி 01" என்றால் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டு போக வேண்டும். "எம் 03" என்றால் ஸ்பிண்டில் சுற்ற வேண்டும். "எம் 30" என்றால் முடிந்தது, ஆரம்பத்துக்குத் திரும்பு. இது புரோகிராம் இல்லாமல் வேறென்ன? ஒரு புள்ளி தப்பினால் டூல் உடையும், வேலைத்துண்டு பாழாகும். கண்ணாடிக் கட்டடத்தில் இருப்பவர் தப்பு செய்தால் திரையில் சிவப்பு எழுத்து வரும். நம் தோழர் தப்பு செய்தால் சம்பளத்தில் பிடித்தம் வரும். யார் கவனமாக எழுதப் பழகியவர்?

வயலுக்கும் வாருங்கள். "தண்ணீர் இந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் மடையை அடை, வராவிட்டால் காத்திரு, பிறகு அடுத்த பாத்திக்குப் போ, கடைசிப் பாத்தி வரை இப்படியே செய்." நீர் பாய்ச்சுகிறவர் மகனுக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த வார்த்தைகளில் "ஆனால்", "இல்லாவிட்டால்", "திரும்பச் செய்" என்ற மூன்றும் இருக்கின்றன. புரோகிராமின் முதுகெலும்பே இந்த மூன்றுதான். மீதியெல்லாம் பழக்கம்.

இன்னொன்றும் சொல்லுவோம். கூலிக்காரன் இதைக் கற்பது சௌகரியத்துக்காக மட்டும் அல்ல, தற்காப்புக்காகவும்தான். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் செல்போன் செயலி வழியே வருகைப் பதிவைக் கட்டாயமாக்கினார்கள். 2024 ஜனவரி முதல் ஆதார் வழிக் கூலிப் பட்டுவாடாவைக் கட்டாயமாக்கினார்கள். சிக்னல் இல்லை, போட்டோ ஏறவில்லை, பெயர் பொருந்தவில்லை என்று வெயிலில் வேலை செய்தவர்களின் கூலி நாடு முழுவதும் தடைப்பட்டது. "சிஸ்டம் எடுக்கவில்லை அம்மா, நாங்கள் என்ன செய்ய?" என்றார்கள். சிஸ்டம் என்பது ஆகாயத்திலிருந்து விழுந்ததா? யாரோ ஒரு மனிதர், யாரோ ஓர் அதிகாரியின் உத்தரவுப்படி, "பொருந்தாவிட்டால் கூலி கொடுக்காதே" என்று எழுதியதுதான் சிஸ்டம். அந்த வரியைப் படிக்கத் தெரிந்த ஒரு பெண் நம் சேரியில் இருந்தால், மனுவில் அதைக் குறிப்பிட்டுக் கேள்வி கேட்க முடியும். மேஸ்திரியின் கூலி நோட்டைப் படிப்பதற்காகத்தான் நம் பாட்டன்மார் எழுத்துக் கற்றார்கள். இன்றைய கூலி நோட்டு இந்த மொழியில் எழுதப்படுகிறது.

புறம்போக்குக்கு வேலி

உதவி என்பது எப்போதும் விற்பனைச் சரக்காக இருந்ததில்லை. கம்ப்யூட்டர் உலகில் உதவியே ஊர்ப் பொதுவாகத்தான் வளர்ந்தது. 1983-இல் அமெரிக்காவில் ஸ்டால்மன் என்பவர், எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற ஏற்பாட்டில் சுதந்திர மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கினார். 1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் தாம் செய்துகொண்டிருந்த லினக்ஸை எல்லோர் முன்னும் வைத்து யோசனை கேட்டார். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் கை கொடுத்தார்கள். இன்று நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு போன்களின் அடித்தளத்தில் லினக்ஸ் இருக்கிறது.

தமிழிலும் இப்படிப்பட்ட உழைப்பு நடக்கிறது. 2012 ஜனவரியில் தொடங்கிய "கணியம்" பத்திரிகையைச் சுற்றிய நண்பர்கள், "எளிய தமிழில்" என்ற வரிசையில் கம்ப்யூட்டர் நூல்களை எழுதி, எவரும் நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டிருக்கிறார்கள். முத்து அண்ணாமலை என்பவர் "எழில்" என்று ஒரு மொழியே செய்திருக்கிறார். அதில் "பதிப்பி" என்று தமிழில் எழுதினால் யந்திரம் திரையில் எழுதிக்காட்டும். லாபம் பாராத இந்த உழைப்பை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

இந்தப் பொது மேய்ச்சலுக்கு இப்போது வேலி போடுகிறார்கள். ஆரம்பக்காரர்களின் கேள்விகளுக்கு லட்சக்கணக்கான புரோகிராமர்கள் வருஷக்கணக்காக இலவசமாக எழுதிய பதில்களையெல்லாம் அள்ளித் தின்றுதான் 2022 நவம்பரில் "சாட்ஜிபிடி" போன்ற பேசும் யந்திரங்கள் கிளம்பின. 2024-இல் "ஸ்டேக் ஓவர்ஃபுளோ" என்ற கேள்வி-பதில் நிறுவனம், அங்கே ஜனங்கள் எழுதிய பதில்களை ஓப்பன்ஏஐ கம்பெனிக்குத் தரும் ஒப்பந்தம் போட்டது. எதிர்ப்புத் தெரிவித்துத் தம் பதில்களைத் தாமே அழிக்க முயன்றவர்களின் கணக்குகளை நிறுத்திவைத்தார்கள். ஊர்ப் புறம்போக்கில் எல்லோரும் மாடு மேய்த்தார்கள். மிராசுதார் வந்து வேலி கட்டி, உள்ளே போகச் சீட்டு வாங்கு என்கிறான். வித்தியாசம் என்ன?

"அந்த யந்திரமே பிழையைத் திருத்திவிடுகிறதே, இனி ஆசிரியர் எதற்கு?" என்று அடுத்த கேள்வியும் வருகிறது. யந்திரம் பதில் சொல்லுகிறது, வாஸ்தவம்தான். ஆரம்பக்காரருக்கு அது துணைசெய்யவும் செய்யும். வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அது தப்பாகச் சொன்னால் தப்பென்று கண்டுபிடிக்க யாருக்குத் தெரியும்? ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் தெரியும். தெரியாத பிள்ளை தப்பையும் சரியையும் ஒன்றாக விழுங்கும். விடையை எழுதிக்கொடுத்துவிட்டுப் போகிறவர் வாத்தியார் ஆகமாட்டார். "நீ என்ன நினைத்து இப்படி எழுதினாய்?" என்று கேட்டு, காத்திருப்பவர்தான் வாத்தியார்.

"நீங்கள்தானே எதிர்த்தீர்கள்?"

இதைப் பேச ஆரம்பித்ததும் பழைய ஏளனம் ஒன்று எழும்: "கம்ப்யூட்டரை எதிர்த்த கம்யூனிஸ்டுகளா கம்ப்யூட்டர் படிப்பைப் பற்றிப் பேசுவது?"

பேசுவோம். 1960-களில் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனில் கம்ப்யூட்டர் கொண்டுவந்தபோது ஊழியர்கள் எதிர்த்தார்கள். கல்கத்தாவில் இலாகோ கட்டடத்துக்குள் யந்திரம் நுழையாதபடி இரவு பகலாகக் காவல் காத்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்த யந்திரம் வந்தால் எத்தனை பேர் வீட்டில் அடுப்பு அணையும், புதிதாக எத்தனை பேருக்கு வேலை போகும்? வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய தேசத்தில் அது நியாயமான கேள்வி. 2025-இல் 12 ஆயிரத்துக்கும் அதிகமான பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்த டி.சி.எஸ். கம்பெனியின் ஊழியர் கேட்டதும் அதே கேள்விதான். யந்திரம் யார் கையில், யார் நன்மைக்கு என்று கேட்பவன் யந்திரத்தின் விரோதி ஆகமாட்டான். யந்திரத்தைப் பாட்டாளிக்குத் தெரியாமல் பூட்டிவைப்பவன்தான் விரோதி.

அறிவைப் பாட்டாளியிடம் கொண்டுசேர்த்தது யார் என்பதையும் சொல்லிவிடுவோம். விஞ்ஞானத்தைத் தமிழில் தொழிலாளிக்கு எழுதியவர் சிங்காரவேலர். 1951-இல் தொடங்கப்பட்ட நியூ செஞ்சுரி புக் ஹவுஸ், இன்று நமது அம்பத்தூர் தொழிற்பேட்டையில்தான் இயங்குகிறது. பெரெல்மானின் "பொழுதுபோக்கு பௌதிகம்" போன்ற சோவியத் விஞ்ஞான நூல்கள் சொற்ப விலைக்குக் கிராமத்துப் பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேர்ந்தது அதன் விற்பனை வண்டிகளில்தான்.

எப்படி உதவுவது?

உலகத்தில் இதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1964-இல் மாஸ்கோவில் கெல்ஃபாண்ட் என்ற மகா கணித நிபுணர், தபால் மூலம் கணிதப் பள்ளி ஒன்று தொடங்கினார். தலைநகரத்துப் பிள்ளைகளுக்காக அல்ல. தூரத்துச் சிற்றூர்களிலும் கிராமங்களிலும் உள்ள பிள்ளைகளுக்காக. பிள்ளைகள் கணக்குகளைப் போட்டு அனுப்புவார்கள். சர்வகலாசாலை மாணவர்கள் ஒவ்வொன்றையும் திருத்தி, எங்கே தப்பு, ஏன் தப்பு என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள். ஒரு கிராமப் பள்ளியில் பத்துப் பிள்ளைகள் சேர்ந்து "கூட்டு மாணவர்" என்று ஒரே மாணவராகவும் சேரலாம்! பிறகு 1981-இல் எர்ஷோவ் என்ற சோவியத் விஞ்ஞானி, புரோகிராம் எழுதுவது இரண்டாவது எழுத்தறிவு என்று உலக மாநாட்டில் பேசினார். 1985 செப்டம்பரில் சோவியத் பள்ளிகளில் இது கட்டாயப் பாடமாயிற்று. பல பள்ளிகளில் யந்திரம் வந்து சேரவில்லை. காகிதத்தில் எழுதிப் படித்தார்கள். யந்திரம் இல்லாமல்கூட ஆசிரியரோடு கற்க முடிந்தது. இங்கே யந்திரம் இருந்தும் ஆசிரியர் இல்லாமல் நிற்கிறோம்.

அண்டை மாநிலமான கேரளத்தைப் பாருங்கள். 2001 முதலே பள்ளிக் கம்ப்யூட்டர் திட்டத்தைச் சர்க்காரே நடத்தியது. சுதந்திர மென்பொருளையே பள்ளிகளில் பயன்படுத்தியது. ஆசிரியர்களுக்கு விடுமுறையில் பயிற்சி கொடுத்தது. 2018-இல் இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில் "லிட்டில் கைட்ஸ்" என்ற மாணவர் குழுக்கள் பள்ளிகளில் தொடங்கப்பட்டன. தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

சர்க்கார் வரட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. சங்க ஆபீஸ் ஞாயிற்றுக்கிழமை காலையில் சும்மாதான் கிடக்கிறது. பரண்மேல் கிடக்கும் பழைய இலவச மடிக்கணினிகளில் சுதந்திர மென்பொருளைப் போட்டால் ஓடக்கூடியவை பல உண்டு. கண்ணாடிக் கட்டடத்தில் வேலை செய்யும் இளைஞர்களில் நம் வீட்டிலிருந்து போனவர்களும் இருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் அவர்களைக் கேளுங்கள். அந்தக் காலத்தில் சங்கத் திண்ணையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து எழுத்துக் கற்றார்கள் அல்லவா? அதே முறைதான். ஒரு திரை, பத்துத் தலைகள்.

அங்கே மூன்று விதிகள் போதும்.

முதல் விதி: கேட்பவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. "இதுகூடத் தெரியாதா?" என்ற வார்த்தை சங்க ஆபீசுக்குள் நுழையக் கூடாது. அந்த ஒரு வார்த்தையால் இந்தப் படிப்பை விட்டு ஓடிய பிள்ளைகள் அநேகம். பெண்பிள்ளைகள் இன்னும் அநேகம்.

இரண்டாவது: கேட்பவர் மூன்று சங்கதி சொல்ல வேண்டும். நான் செய்ய நினைத்தது என்ன. நான் எழுதியது என்ன. யந்திரம் சொன்னது என்ன. மிஷின் நின்றுபோனால் பிட்டரிடம், "மிஷின் ரிப்பேர்" என்று மட்டுமா சொல்லுகிறோம்? எந்த இடத்தில், என்ன சத்தம், அதற்கு முன் எதைத் தொட்டேன் என்று சொல்லுகிறோம் அல்லவா? அதுபோல. சிவப்பு எழுத்து வசவு இல்லை. அது எந்த வரியில் தகராறு என்று நம்பர் போட்டுச் சொல்லும் தகவல். பைதானில் கடைசி வரியை முதலில் படிக்க வேண்டும். இங்கிலீஷ் தெரியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் படித்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது: உதவுகிறவர் கீபோர்டைப் பிடுங்கக் கூடாது. விரலால் இடத்தைக் காட்டலாம். எழுத வேண்டியவர் கற்பவரே. கற்றவர் அடுத்த வாரம் புதிதாக வந்த ஒருவருக்குச் சொல்லித்தர வேண்டும். இதுதான் கட்டணம்.

நமது கோரிக்கைகள்

சர்க்காரை நோக்கி நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை:

1. ஆறாம் வகுப்பு முதல் எல்லா அரசுப் பள்ளிகளிலும் கம்ப்யூட்டரைத் தனிப்பாடமாக்கு! அதற்கு நிரந்தர ஆசிரியர்களை முழுச் சம்பளத்தில் நியமி!

2. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள், பள்ளிகளின் கம்ப்யூட்டர் அறைகளை மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் தொழிலாளர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் திறந்துவிடு!

3. ஒவ்வொரு கிளை நூலகத்திலும் கம்ப்யூட்டர்களையும், கேட்டால் சொல்லித்தர ஓர் ஊழியரையும் வை!

4. சர்க்கார் பணத்தில் எழுதப்படும் புரோகிராம்களை, குறிப்பாகக் கூலியையும் ரேஷனையும் தீர்மானிக்கும் புரோகிராம்களை, ஜனங்கள் படித்துப் பார்க்கும்படி வெளியிடு!

5. "வேலை உத்தரவாதம்" என்று ஆசைகாட்டி மாணவர் பேரில் கடன் எழுதும் பயிற்சிக் கடைகளுக்குச் சட்டத்தால் கடிவாளம் போடு! கட்டணத்துக்கு உச்சவரம்பு நிர்ணயி!

தோழர்களே! 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, மில் தொழிலாளிக்குச் சங்கம் எதற்கு என்று துரைமார்கள் சிரித்தார்கள். தொழிலாளி பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று இன்றைய துரைமார்கள் வாய்விட்டுச் சொல்லுவதில்லை. "போனிலேயே இருக்கிறதே" என்று நாசூக்காகச் சொல்லுகிறார்கள். அர்த்தம் ஒன்றுதான்: உன்னை உன் கதிக்கு விட்டுவிட்டோம் என்பதே.

நாம் நம் பிள்ளைகளை அப்படி விடமாட்டோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்க ஆபீஸின் கதவைத் திறங்கள். ஒரு மடிக்கணினியைக் கொண்டுவாருங்கள். தெரிந்த ஒருவரையும் தெரியாத பத்துப் பேரையும் உட்காரவையுங்கள். கோரிக்கை மனுவில் கையெழுத்து வாங்கும் வேலையும் அன்றே ஆரம்பமாகட்டும்.

கற்போம்! கற்பிப்போம்! ஒன்றுபட்டு உரிமையைப் பெறுவோம்!